ஹ்லுபி மக்கள் பெருகிய கதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் தென்னாப்பிரிக்க மக்களினங்களைப் பற்றித் தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் பொதுவாகக் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, "ஹ்லுபி மக்கள் பிற குலங்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டே பெருகியவர்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரையிலிருந்து கடிதங்கள் வந்து சேர்ந்துள்ளன. எல்லாம் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கேள்விகளாக இருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். சினிமா, அரசியல் கேள்விகளை அனுப்பியவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஹ்லுபி என்பவர்கள் ஜூலு இனத்தின் ஒரு பிரிவினரா? அவர்கள் வாழ்ந்த இடம் எது? – கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை.

பதில்: இன்று குவாசூலு–நட்டால் மாகாணத்தில் வாழும் ஹ்லுபி மக்களில் பெரும்பாலோர் ஜூலு மொழி பேசுவதால் அப்படியொரு எண்ணம் பரவியிருக்கிறது. வரலாற்று வரிசை இதற்கு நேர்மாறானது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் "ஜூலு" என்பது ஒரு சிறு குலத்தின் பெயராக மட்டுமே இருந்தது. ஷாக்கா அதன் தலைவரானதே 1816-ஐ ஒட்டித்தான். அந்தக் காலத்தில் துகேலா ஆற்றுக்கும் பொங்கோலா ஆற்றுக்கும் இடைப்பட்ட நாட்டில் இருந்த பெரிய தலைமைகளுள் ஒன்றாக ஹ்லுபி ஏற்கெனவே விளங்கியது. சுவாசி மக்களின் அரச குலத்தைப் போலவே, ஹ்லுபி மக்களும் தங்களை "எம்போ" மரபில் வந்தவர்களாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இவர்கள் எல்லோருமே இங்கூனி என்னும் பெருங்குழுவைச் சேர்ந்தவர்கள்.

அவர்களுடைய நாடு, எருமை ஆறு எனப்படும் உம்சின்யாதி ஆற்றின் மேற்பகுதியில், இன்றைய நியூகாசில், யூட்ரெக்ட் நகரங்களைச் சுற்றியிருந்தது. உயர்ந்த புல்வெளி நாடு அது. மேட்டு நிலத்துப் புல் மழைக்குப் பின் சில மாதங்கள் மட்டுமே மாட்டுக்கு ருசிக்கும், பிறகு முற்றிப்போகும். குளிர்காலத்தில் மந்தையைப் பள்ளத்தாக்குகளுக்கு ஓட்டியாக வேண்டும். ஆகவே மாடு வளர்ப்பவனுக்கு மேடும் வேண்டும், பள்ளமும் வேண்டும். ஒரு தலைவரின் செல்வாக்குப் பல பள்ளத்தாக்குகளை எட்டியிருந்தால்தான் அவருடைய மக்களின் மந்தைகள் ஆண்டு முழுவதும் வயிறு நிறைய மேய முடியும். அக்கம்பக்கத்துக் குலங்களோடு உறவு வைத்துக்கொள்ளும் தேவை இந்தப் புல்லிலிருந்தே பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஹ்லுபி அரசர்களில் பெரும் புகழ் பெற்றவர் புங்கானே. அவர் 1800-ஐ ஒட்டி மறைந்தார். அவருக்குப் பின் மகன் ம்திம்குலு ஆட்சிக்கு வந்தார். நீங்கள் கேட்கும் வளர்ச்சியின் உச்சம் இந்த இருவருடைய காலத்தில்தான் நிகழ்ந்தது.

கேள்வி: ஒரு குலத்தை இன்னொரு குலம் தன்னோடு சேர்த்துக்கொள்வது என்றால் நடைமுறையில் என்ன நடந்தது? போரில் வென்று அடிமையாக்கினார்களா, அல்லது மக்கள் தாமாகவே வந்தார்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ராயபுரம்.

பதில்: இரண்டும் உண்டு. ஆயினும் நீங்கள் "அடிமை" என்று எழுதியிருக்கும் இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கூனி மக்களிடையே "கொன்சா" என்றொரு வழக்கம் இருந்தது. இன்றும் கிராமப்புறங்களில் இருக்கிறது. ஒருவர் தம்முடைய பழைய தலைவரோடு பிணக்குற்றோ, வறட்சியால் மாடுகளை இழந்தோ, சூனியக்காரர் என்று பழி சுமத்தப்பட்டு ஊரை விட்டு ஓடியோ வேறொரு தலைவரின் முற்றத்துக்கு வந்து நின்று, "உங்கள் நிழலில் இருக்க இடம் கொடுங்கள்" என்று கேட்பார். தலைவர் இசைந்தால், அவருடைய இந்தூனா, அதாவது பொறுப்பாளர், குடியிருப்புக்கும் பயிருக்கும் நிலம் காட்டிவிடுவார். நிலத்துக்கு விலை கிடையாது. மாறாக, வந்தவர் தலைவரின் வயலில் உழைக்கவும், அழைத்தால் ஈட்டியோடு வரவும், ஆண்டுதோறும் முதல் அறுவடைச் சடங்கில் கூட்டத்தோடு நிற்கவும் கடமைப்பட்டவர். தனி ஆளாக வந்தவர்களும் உண்டு. தம்பிமார், பங்காளிகள், மந்தை, விதைத் தானியம் அனைத்தோடும் ஒரு குலத்தின் முழுக் கிளையாகவே வந்தவர்களும் உண்டு. பின்னவர்கள் வந்தபோது, அவர்களுடைய மூத்தவரே அவர்களுக்குத் தலைவராகத் தொடர்ந்தார். மேலே ஓர் அரசர் வந்து சேர்ந்தார் என்பதுதான் மாற்றம்.

ஒரு பேச்சுக்கு, வறட்சியில் எல்லாம் இழந்த ஒரு குடும்பம் இப்படி வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நிலம் மட்டும் போதாது, பால் வேண்டும். இங்கேதான் "சிசா" என்னும் ஏற்பாடு நுழைகிறது. மந்தை பெருத்தவர் தம்முடைய பசுக்கள் சிலவற்றை ஏழைக் குடும்பத்தின் தொழுவத்தில் விடுவார். பால் அந்தக் குடும்பத்துக்கு, சாணமும் அதற்கே. கன்றுகள் மட்டும் உடையவரைச் சேரும், அவற்றிலும் ஒன்றிரண்டு நன்றிக்காக விட்டுக்கொடுக்கப்படலாம். பசு செத்தால் உடனே சொல்லியனுப்ப வேண்டும். செத்தது மெய்தான் என்பதற்குத் தோலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பார்வைக்குத் தருமம்போல் தோன்றும் இந்த ஏற்பாட்டில் அரசியல் ஆழமாகப் புதைந்திருக்கிறது. தொழுவத்தில் நிற்கும் மாடு தன்னுடையது அன்று என்பது பால் கறக்கும் ஒவ்வொரு விடியலிலும் அந்த வீட்டாருக்கு நினைவுக்கு வரும். உடையவருக்கும் இதில் இலாபம் உண்டு. மந்தை பல பள்ளத்தாக்குகளில் பிரிந்து கிடந்தால் கொள்ளை நோய் வந்தாலும் பகைவன் வந்தாலும் முழுவதும் அழியாது. வரி வாங்கும் அதிகாரியோ காவற்படையோ இல்லாமலே ஓர் அரசரின் கை நெடுந்தூரம் நீண்டது இப்படித்தான்.

அடுத்தது திருமணம். ஒரே குலப்பெயர் உடையவர்கள் தங்களுக்குள் மணந்துகொள்ளக் கூடாது என்பது இங்கூனி மக்களின் கண்டிப்பான விதி. ஆகவே வெளியிலிருந்து வந்து அண்டிய குலம் அரச குடும்பத்துக்கு உடனடியாகப் பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் தகுந்த குலமாகிவிடுகிறது. மணமகன் வீட்டார் பெண்ணின் தந்தைக்கு லொபோலா மாடுகளை ஓட்டிச் செல்ல வேண்டும். மாடில்லாத இளைஞனுக்கு அந்த மாடுகளைத் தலைவரே கொடுத்து உதவினால், அவனுடைய மனைவி, பிள்ளைகள், அவர்களுடைய உழைப்பு எல்லாமே அந்தக் கடனோடு பிணைந்துவிடுகின்றன. அரசருக்கோ மனைவியர் பலர். ஒவ்வொரு மனைவியின் வீடும் ஒரு குலத்தின் உறவை அரண்மனைக்குள் கொண்டுவந்தது. அந்த வீடுகளில் பிறந்த மகன்கள் வளர்ந்து எல்லைப்புறப் பள்ளத்தாக்குகளில் தனிக் குடியிருப்பு அமைத்தபோது, அங்கிருந்த பழைய குடிகள் அந்த இளவரசரின் ஆட்களாயினர்.

போரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மாடு கவர்தலும் சண்டையும் இல்லாமல் எந்தத் தலைமையும் அங்கே வளரவில்லை. தோற்ற தலைவர் மாடுகளைக் கப்பமாகச் செலுத்திவிட்டுத் தம் மக்களோடு தம் இடத்திலேயே இருக்கலாம் என்பதே பொதுவான முடிவாக இருந்தது. வென்றவருக்கும் ஆட்கள்தான் தேவை. நிலம் ஏராளமாகக் கிடந்த நாட்டில், அதை உழவும் மேய்க்கவும் ஆளில்லாமல் துரத்திவிடுவது கைப்பொருளைக் கடலில் போடுவதற்குச் சமம்.

இவற்றோடு மழையும் சேர்ந்தது. புங்கானே மழை வரவழைக்க வல்லவர் என்ற புகழ் ஆற்றுக்கு அப்பாலும் பரவியிருந்தது. வறட்சிக் காலத்தில் அந்தப் புகழை நம்பி அயல் தலைவர்கள் மாடுகளைக் காணிக்கையாக அனுப்பினர். மழையை நீங்களும் நானும் எப்படி வேண்டுமானாலும் மதிப்பிட்டுக்கொள்ளலாம். அந்த நம்பிக்கை ஓர் அரசியல் செல்வம் என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் ம்தேத்வா என்னும் மக்களின் அரசராகப் பெயர்பெற்ற டிங்கிஸ்வாயோ, தம் தந்தையின் சினத்துக்கு அஞ்சி ஓடியபோது புங்கானேயிடம்தான் அடைக்கலம் புகுந்தார் என்று வாய்மொழி மரபு சொல்கிறது. ஓர் அகதிக்கு முதலில் தோன்றும் முகவரியாக ஹ்லுபி நாடு இருந்தது என்பதே அந்தக் கதையில் நமக்கு வேண்டிய செய்தி.

கேள்வி: அப்படிச் சேர்ந்தவர்கள் தங்கள் சொந்தக் குலப்பெயரை விட்டுவிட வேண்டியிருந்ததா? – இல்லத்தரசி, காலாடிப்பேட்டை.

பதில்: இல்லை, இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. ஒருவர் தாம் யாருடைய ஆள் என்று கேட்டால் "ஹ்லுபி" என்பார். தாம் யாருடைய பிள்ளை என்று கேட்டால் தம்முடைய குலப்பெயரைச் சொல்வார். முதலாவது அரசியல், அது மாறும். இரண்டாவது தந்தை வழி இரத்தம், அது மாறாது. குலப்பெயரோடு, முன்னோரின் பெயர்களையும் செயல்களையும் அடுக்கிச் சொல்லும் "இசிதாகசேலோ" என்னும் குலப்புகழ் வரிகளும் பிறப்பிலேயே கூட வருகின்றன. ஒருவருக்கு நன்றி சொல்லும்போதும், விருந்தினரை வரவேற்கும்போதும், அழும் குழந்தையைத் தேற்றும்போதும் அவற்றைச் சொல்வார்கள். ஹ்லுபி அரச குலத்தாரின் வரிகளில் "புங்கானே, ம்திம்குலு" என்ற அரசர் பெயர்களோடு, "மாட்டைக் கொம்போடு விழுங்கிய மாஷ்வபாடா" என்றும் ஒரு வரி வரும். வந்து சேர்ந்த குலத்தாருக்கு இந்த வரிகள் உரியன அல்ல. அவர்களுடைய வரிகள் அவர்களுக்கு.

நம் வடசென்னையில் நெல்லையிலிருந்தோ வடாற்காட்டிலிருந்தோ மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள் பேச்சு, தொழில், சாப்பாடு என்று எல்லாவற்றிலும் இந்த ஊராகிவிட்டிருந்தும், பிள்ளைக்கு முதல் முடி இறக்குவதற்குக் குலதெய்வக் கோயிலைத் தேடிப் பழைய ஊருக்குப் போய்வருகின்றனவே, ஏறக்குறைய அந்த இடத்தில்தான் அங்கே குலப்புகழ் வரிகள் நிற்கின்றன. முன்னோரை அழைத்துப் பேசும் சடங்கில் தவறான வரிகளைச் சொன்னால் முன்னோருக்குக் கேட்காது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இதனால் எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னருக்கு நெருங்கிய குடும்பங்கள், பழங்குடிகள், புதிதாக வந்தவர்கள் என்ற படிநிலை இருந்தது; நல்ல மேய்ச்சல் நிலம் யாருக்கு முதலில் என்பதில் அது தெரிந்தது. ஆயினும் பிற்காலத்து ஜூலு அரசோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாட்டின் தளர்வு விளங்கும். ஷாக்காவின் அரசில் இளைஞர்கள் குலம், ஊர் பாராமல் வயதுவாரியாகப் படைகளில் சேர்க்கப்பட்டு, அரசரின் முகாம்களில் தங்கி, அவர் அனுமதி தந்த பிறகே மணம் செய்துகொண்டார்கள். அருகிலிருந்து சேர்ந்த குலங்கள் அரச குலத்தோடு ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று "இந்துங்வா" பெயரில் கௌரவம் பெற்றன. எல்லைப்புறத்தில் அடக்கப்பட்டவை "லாலா" என்று இழிவாகப் பேசப்பட்டன. ஹ்லுபி அரசர்கள் இளைஞர்களை அவ்வாறு ஒரே மையத்தில் திரட்டிவைக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. துணைத் தலைவர்களின் கையில் அவரவர் ஆட்களும் மாடுகளும் இருந்தன. சேருவதற்கு விலை குறைவாக இருந்ததால்தான் நிறையப் பேர் சேர்ந்தார்கள் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: எழுத்து வழக்கில்லாத மக்களின் இருநூறு ஆண்டுப் பழங்கதையை இவ்வளவு விவரமாக எப்படிச் சொல்கிறீர்கள்? – நூலக வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை.

பதில்: நியாயமான ஐயம். நட்டாலில் நீதிபதியாகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் 1897 முதல் 1922 வரை முதியவர்கள் ஏறக்குறைய இருநூறு பேரை உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டார். ஜூலு மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அக்குறிப்பேடுகள் டர்பனில் பாதுகாக்கப்பட்டு, 1976 முதல் தொகுதி தொகுதியாக அச்சாகி வருகின்றன. அவரிடம் பேசியவர்களுள் மபொன்சா என்னும் ஹ்லுபி முதியவரும் ஒருவர். இந்தச் சாட்சியங்களில் சிக்கலும் உண்டு. சொன்னவர்கள் ஒவ்வொருவரும் தம் குலத்தின் பெருமையைத் தூக்கிப் பிடித்தார்கள். எழுதியவரோ காலனி அரசின் அலுவலர். இருந்தாலும் பகையான இரண்டு குலத்து முதியவர்கள் ஒரே செய்தியைத் தனித்தனியே சொல்லும்போது அதற்கு எடை கூடுகிறது.

கேள்வி: அவ்வளவு பெரிய மக்கள் கூட்டம் ஷாக்காவின் காலத்தில் ஏன் சிதறியது? ஜூலு படைதான் அழித்ததா? – அச்சகத் தொழிலாளி, பெரம்பூர்.

பதில்: முதல் அடி ஜூலு படையிடமிருந்து விழவில்லை. ஹ்லுபி நாட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவானே என்பவரின் தலைமையில் ங்வானே மக்கள் இருந்தனர். கிழக்கே ஸ்விடே, டிங்கிஸ்வாயோ போன்ற பேரரசர்கள் மோதிக்கொண்டிருந்த காலம் அது. தம்மீது படையெடுப்பு வரப்போகிறது என்றறிந்த மாட்டிவானே, தம் மாடுகளை ஹ்லுபி அரசர் ம்திம்குலுவிடம் ஒப்படைத்தார் என்றும், ஆபத்து நீங்கியபின் திருப்பிக் கேட்டபோது அவர் கொடுக்க மறுத்தார் என்றும் மரபு சொல்கிறது. மந்தையை நம்பிப் பிறர் தொழுவத்தில் விடுவதுதான் அந்தச் சமூகத்தின் ஆணிவேர் என்று மேலே சொன்னோம். அந்த நம்பிக்கை அரசர்களுக்கிடையே அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1818-ஐ ஒட்டி, இருப்பிடத்திலிருந்து விரட்டப்பட்ட மாட்டிவானே ஹ்லுபிமீது பாய்ந்தார். ம்திம்குலு கொல்லப்பட்டார்.

அரசர் விழுந்ததும், கட்டியிருந்த கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. தனித் தலைவர், தனி மந்தை, தனிப் பெயர் என்று ஒவ்வொரு பிரிவும் முன்பே முழுமையாக இருந்தபடியால், தனியே கிளம்பிப் போவதும் எளிதாயிற்று. ம்திம்குலுவின் சகோதரர் ம்பங்காசிதா ஒரு பெருங்கூட்டத்தோடு டிராகென்ஸ்பெர்க் மலையைக் கடந்து மேற்கே போனார். 1822-இல் மாந்தாதிசி என்னும் அரசியின் ட்லோக்வா மக்களைத் தாக்கி இடம்பெயர வைத்தார். பின்னாலேயே மாட்டிவானேயும் மலையேறி வந்தார். 1825-ஐ ஒட்டிக் கலெடன் ஆற்றங்கரையில் இருவரும் மோதியபோது ம்பங்காசிதா மாண்டார். எஞ்சிய ஹ்லுபி மக்களில் ஒரு பகுதியினர் தம் அரசரைக் கொன்ற மாட்டிவானேயின் கூட்டத்திலேயே சேர்ந்துகொண்டனர். வேறு சிலர் ம்சிலிகாசியின் ந்தெபேலே மக்களோடு போயினர். அந்த மாட்டிவானேயும் 1828 ஆகஸ்ட் மாதம் ம்போலோம்போ என்னுமிடத்தில் ஆங்கிலேயப் படையாலும் தெம்பு, கோசா படைகளாலும் நொறுக்கப்பட்டார். அவருடைய மக்களும் சிதறிப் பிறரை அண்டினர்.

வேறு சில ஹ்லுபி மக்கள் ஷாக்காவிடமே போய்ச் சேர்ந்தனர். நீண்டு தொங்கும் சடைமுடியை வைத்து "இசியெந்தானே" என்று பெயர் பெற்ற படைப்பிரிவு அவர்களைக் கொண்டு அமைந்தது. தெற்கே போனவர்கள் பேலே, சிசி முதலிய குலத்தாரோடு கலந்து "ம்ஃபெங்கு" என்ற புதுப் பெயரில் கோசா தலைவர்களை அண்டி வாழ்ந்தார்கள். 1835-இல் அவர்களில் 16,000-க்கும் மேற்பட்டோர் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கேப் காலனிக்குள் குடியேறினர். பிறரைச் சேர்த்துக்கொண்ட மக்கள் இப்போது பிறரால் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். வழிமுறை அதே கொன்சா, அதே சிசா, அதே லொபோலா.

இந்தக் குழப்பங்கள் அனைத்துக்கும் ஷாக்கா ஒருவரே காரணம் என்று பல காலம் பாடப் புத்தகங்கள் எழுதிவந்தன. 1988-இல் ஜூலியன் காபிங் என்ற வரலாற்றாய்வாளர் அதைக் கடுமையாக மறுத்து, ஐரோப்பியரின் அடிமை வேட்டையும் கூலியாள் தேவையும் அந்தக் கதையின் பின்னே மறைக்கப்பட்டன என்று வாதாடினார். அவருடைய வாதம் முழுவதையும் இன்று யாரும் ஏற்பதில்லை. என்றாலும், பழியை ஒரே தலையில் கட்டும் பழக்கம் அதன் பிறகு குறைந்தது. ஹ்லுபி வரலாற்றைப் பார்க்கையில் அது நல்லதே என்று தோன்றுகிறது.

கேள்வி: என் பாட்டனாரின் உறவினர் சிலர் சென்னையிலிருந்து நட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனதாக வீட்டில் சொல்வார்கள். அவர்கள் போன காலத்தில் இந்த ஹ்லுபி மக்கள் அங்கே இருந்தார்களா? – துறைமுகத் தொழிலாளி, காசிமேடு.

பதில்: இருந்தார்கள், ஒரே காலனியில், ஒரே ஆட்சியின்கீழ் இருந்தார்கள். உங்கள் கேள்வி மற்றவற்றைவிட நம் ஊரைக் கிட்டத்தில் தொடுவதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

ம்திம்குலுவின் மகன்களுள் ஒருவரான லங்காலிபலேலே, சிதறாமல் பழைய நாட்டிலேயே தங்கியிருந்த ஹ்லுபி மக்களைத் திரட்டி மீண்டும் ஒரு தலைமையை உருவாக்கினார். பாட்டனாரைப் போல அவரும் மழை வல்லவர் எனப் பெயரெடுத்தவர். 1848-இல் ஜூலு அரசர் ம்பாண்டேயின் படையெடுப்புக்கு அஞ்சி, அண்டை மக்களான ங்வே மக்களோடு எல்லை தாண்டி ஆங்கிலேயரின் நட்டாலுக்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டு காலனி அதிகாரி தியோஃபிலஸ் ஷெப்ஸ்டன் அவர்களை எஸ்ட்கோர்ட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் குடியமர்த்தினார். மலையிலிருந்து இறங்கி வெள்ளையரின் மாடுகளைக் கவர்ந்துசென்ற சான் மக்களுக்கு ஒரு தடுப்பாக இவர்கள் இருக்கட்டும் என்பது அவருடைய கணக்கு.

அதன்பின் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1860 அக்டோபரில், "ட்ரூரோ" என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்கள்தாம். அன்று இங்கே துறைமுகச் சுவர் கிடையாது. மசூலா படகில் அலைகளைத் தாண்டித்தான் கப்பலை எட்ட வேண்டும். அவ்வளவு தொலைவிலிருந்து ஆள் கொண்டுபோக வேண்டிய தேவை ஏன் வந்தது என்றால், உள்நாட்டு மக்களுக்கு நிலமும் மாடும் சொந்தத் தலைவரும் இருந்தவரை, தோட்ட முதலாளி கொடுத்த கூலிக்கு ஆண்டு முழுவதும் கரும்பு வெட்ட அவர்கள் ஒப்பவில்லை. லங்காலிபலேலேயின் மக்களைப் போன்றோர் தம் காலில் நின்றதும், நம் மக்கள் அங்கே போய் இறங்கியதும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

ஹ்லுபி இளைஞர்கள் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் வேலை செய்து, சம்பாதித்ததில் துப்பாக்கி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினர். அவற்றைப் பதிவு செய்யும்படி அரசு உத்தரவிட்டது, லங்காலிபலேலே இழுத்தடித்தார், நேரில் வரச் சொன்னபோதும் போகவில்லை. 1873-இல் படை கிளம்பியதைக் கேள்விப்பட்டு, மந்தைகளோடு மலைக் கணவாய் வழியாகப் பசுட்டோலாந்துக்கு, அதாவது இன்றைய லெசோத்தோவுக்கு, புறப்பட்டார். நவம்பர் 4 அன்று கணவாயில் நடந்த மோதலில் காலனித் தரப்பில் ஐந்து பேர் இறந்தனர். அதற்குக் கொடுத்த தண்டனை முழு மக்கள்மீதும் விழுந்தது. நிலம் பறிக்கப்பட்டது, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பெண்களும் பிள்ளைகளும் வெள்ளையரின் பண்ணைகளுக்கு வேலையாட்களாகப் பங்கிடப்பட்டனர். எந்தச் சண்டையும் போடாத ங்வே மக்களும் சேர்த்துத் தண்டிக்கப்பட்டார்கள். 1874 ஜனவரியில் வழக்கறிஞர் இல்லாமலே நடந்த விசாரணையின் முடிவில் லங்காலிபலேலேவுக்கு ஆயுள் முழுவதும் நாடு கடத்தல் என்று தீர்ப்பாகி, அவர் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். பேராயர் கொலென்சோ இந்த அநீதியை இலண்டன்வரை கொண்டுசென்றதன் விளைவாக, நட்டால் ஆளுநர் பைன் 1875-இல் திரும்ப அழைக்கப்பட்டார். கைதியும் தீவிலிருந்து கேப் நகருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு மாற்றப்பட்டார். 1887-இல் ஊர் திரும்ப விட்டார்கள்; 1889-இல் காலமானார். கேப் நகரின் லங்கா குடியிருப்பு அவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது.

1866-இல் நின்றுபோயிருந்த இந்தியத் தொழிலாளர் கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் அதே 1874-இல்தான். உங்கள் உறவினர்கள் அதற்குப் பின் போனவர்களாக இருந்தால், மலையடிவார ஹ்லுபி நாடு அப்போது பண்ணைகளாகவும் அரசு நிலமாகவும் துண்டுபட்டிருந்தது.

கேள்வி: இன்று ஹ்லுபி அரசர் என்று யாராவது உண்டா? அரசாங்கம் ஏற்கிறதா? – சட்டக் கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை.

பதில்: லங்காலிபலேலேயின் வழிவந்த தலைவரை ஹ்லுபி மக்கள் தங்கள் அரசர் என்றே அழைக்கிறார்கள். அரச பதவி பற்றிய உரிமைகோரல்களை ஆராயத் தென்னாப்பிரிக்க அரசு அமைத்த ஆணையம், 2010-இல் வெளியான முடிவுகளில், அவர்களுடைய கோரிக்கையை ஏற்கவில்லை. குவாசூலு–நட்டால், கிழக்குக் கேப், ஃப்ரீ ஸ்டேட் மாகாணங்களிலும் லெசோத்தோ நாட்டிலும் அவர்கள் பரவிக் கிடக்கிறார்கள். இடத்துக்கேற்ப ஜூலு, கோசா, சோத்தோ மொழிகளைப் பேசுகிறார்கள். தங்கள் பழைய ஹ்லுபி பேச்சை மீட்டெடுக்க முயல்வோரும் இருக்கிறார்கள். ஒரே எல்லை, ஒரே மொழி, ஒரே முத்திரை என்று அரசாங்கம் தேடும் அடையாளங்களை, சேர்ந்தும் பிரிந்தும் வாழ்ந்த ஒரு மக்களிடம் கேட்பது பொருத்தமான அளவுகோல்தானா என்பது சட்டம் பயிலும் நீங்கள் யோசிக்க வேண்டிய கேள்வி. எங்களுக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை.

கேள்வி: தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்த லூகாஸ் ராடெபே ஹ்லுபி குலத்தவரா? எங்கள் மைதானத்தில் பந்தயமே கட்டியிருக்கிறோம். – கால்பந்து வீரர்கள், வியாசர்பாடி.

பதில்: 1998, 2002 உலகக் கோப்பைகளில் அந்த அணிக்குத் தலைமை தாங்கிய தடுப்பாட்டக்காரரைத்தானே கேட்கிறீர்கள். ராடெபே என்பது ஹ்லுபி அரச குலத்தின் பெயர். அதைத் தாங்கியவரை அவருடைய நாட்டில் "புங்கானே" என்றும் "ம்திம்குலு" என்றும் அழைத்து மரியாதை செய்வது வழக்கம். ஹ்லுபி மக்கள் என்று எடுத்துக்கொண்டாலோ, மேலே சொன்னபடி, வேறு குலப்பெயர் உடையவர்களும் அவர்களில் ஏராளம். ஆகவே பெயரைப் பார்த்து ஒருவரை "ஹ்லுபி அல்லர்" என்று ஒதுக்க மட்டும் பந்தயம் கட்ட வேண்டாம்.